வறட்சியிலும் வெயிலிலும் வேர்முண்டு நுண்ணுயிர்கள்

கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில், இராசிபுரத்திற்கும் சேந்தமங்கலத்திற்கும் இடையே உள்ள பேளுக்குறிச்சி, மளிகைச் சந்தையால் பெயர் பெற்ற ஊராகும். மிளகு, கடுகு, மல்லி, பயறு முதலியவற்றை வாங்க வெளியூர்களிலிருந்தும் மக்கள் அங்கு வருவதுண்டு. அச்சந்தைக்கு வருவோர் பயறு மூட்டைகளைப் பார்ப்பார்களேயன்றி, அப்பயறு விளைந்த நிலத்தை நின்று பார்ப்பவர் சிலரே. அடிவாரத்து மானாவாரிச் செம்மண், சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் நடக்கவொட்டாமல் காய்ந்து கிடக்கும். இத்தகைய வெறும் செம்மண்ணின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறக்கூடியது. அந்த மண்ணிலேயே, எருவும் இடாமல், தண்ணீரும் பாய்ச்சாமல், வரப்போரத்தில் கொழிஞ்சி பசுமையாக நிற்கிறது. ஒரு மழைக்குப் பின் விதைத்த கொள்ளு தழைத்துப் படருகிறது. இவற்றிற்குத் தழைச்சத்தை யார் கொடுத்தார்கள்?

அவரையினப் பயிர்களின் வேரிலுள்ள முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன என்பது குடியானவர்களில் பலர் கேட்டறிந்ததே. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனாக இருந்தும், செடி அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. உரத் தொழிற்சாலைகளில் இதே காரியத்தைச் செய்வதற்கு 400 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தமும் வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிரோ அதைச் சாதாரண மண்ணில் ஓசையின்றிச் செய்து முடிக்கிறது. 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் இவ்வுண்மையை நிலைநாட்டினர். 1888-இல் ஹாலந்து தேசத்துப் பெய்ஜெரிங்க் இந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். நமது நாட்டில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் என். வி. ஜோஷி என்பவர் பல்வேறு பயறுவகைகளின் வேர்முண்டு உயிர்களைப் பிரித்து ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டார். இத்துறையில் இந்தியாவின் முதல் ஆராய்ச்சியாக அதையே குறிப்பிடுவர். 1956 முதல் இந்நுண்ணுயிர்கள் நமது நாட்டில் விற்பனைக்காகவும் தயாரிக்கப்படலாயின.

இவையெல்லாம் பழைய செய்திகள். இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. பொட்டலமாக வாங்கி விதையில் கலந்த நுண்ணுயிர் சில வருஷங்களில் நல்ல பலனைத் தருகிறது. சில வருஷங்களில் கலந்த காசும் வீணாகிறது. "கலந்தேன், ஒன்றும் காணோம்" என்று கையை விரிப்பவர்கள் எல்லாக் கிராமங்களிலும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. வெயில், வறட்சி, புளிப்பு, உவர் முதலிய கஷ்டங்களை இந்நுண்ணுயிர் எவ்வாறு தாங்குகிறது, எவ்விடத்தில் தாங்க மாட்டாமல் தோற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அவர்களுடைய குறைக்குக் காரணம் விளங்கும்.

முதலில் உஷ்ணத்தை எடுத்துக்கொள்வோம். வேர்முண்டு உயிர்களில் பெரும்பாலானவற்றிற்கு 28 முதல் 31 டிகிரி வரையுள்ள சூடே மிகவும் ஏற்றது. 37, 38 டிகிரிக்கு மேற்பட்டால் பலவும் பெருகுவதை நிறுத்திவிடும். ஆயினும் எல்லாம் ஒரே தன்மையானவையல்ல. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைநிலத்திற்குத் தெற்கேயுள்ள வறண்ட சமவெளிகளில் தட்டைப்பயறின் முண்டுகளிலிருந்து பிரித்தெடுத்த வகைகளை ஈகிள்ஷாம் முதலானோர் ஆராய்ந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை 40 டிகிரியிலும் நன்றாக வளர்ந்தன என்று 1981-இல் தெரிவித்தனர். தலைமுறை தலைமுறையாகச் சுட்ட மண்ணில் உயிர் பிழைத்தவைகளின் சந்ததியே அங்கு எஞ்சியிருப்பதால் அவைகளுக்கு அந்தத் திறம் வாய்த்தது. சூடு ஏறியவுடன் இவ்வுயிர்கள் தம் உடலுக்குள் சில விசேஷப் புரதங்களை அதிகமாக உண்டாக்கிக்கொள்கின்றன. வெந்து உருக்குலையும் மற்றப் புரதங்களை இவை தாங்கிப் பிடித்து மீண்டும் சரியான வடிவத்தில் மடித்து வைக்கின்றன.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சூட்டில் நுண்ணுயிர் சாகாமல் பிழைத்துக்கொண்டாலும், முண்டு உண்டாக்கும் ஆற்றலை மட்டும் இழந்துவிடக்கூடும். வேகமாகப் பெருகும் வகைகளில், செடியோடு கூடி வாழ்வதற்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் உள்ளன. கடும் உஷ்ணத்தில் இவ்வளையம் நழுவிப்போவதுண்டு. அதன்பின் அந்த உயிர் மண்ணில் இருந்தும் நமக்குப் பயனில்லை. நிலக்கடலை, தட்டைப்பயறு முதலியவற்றோடு கூடும் மெதுவாகப் பெருகும் வகைகளிலோ, அந்த மரபணுக்கள் பெரும்பாலும் உடலின் மூல மரபிலேயே பதிந்திருக்கின்றன. நமது செம்மண் நிலங்களில் இவ்விரண்டு பயிர்களும் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு.

அடுத்தது உலர்தல். மண் காயும்போது நுண்ணுயிரின் உடலிலுள்ள நீர் வெளியேறப் பார்க்கிறது. அதைத் தடுக்க, அது தன்னைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு கவசத்தைப் பூசிக்கொள்கிறது. உடலுக்குள்ளே டிரெஹலோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரையையும், புரோலின், பீட்டைன் முதலிய பொருள்களையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இவை நீரைப் பிடித்து வைப்பதோடு, நீர் போனபின்பும் உயிர்ச்சவ்வு குலையாதபடி காக்கின்றன. இந்தச் சர்க்கரையின் வலிமையை மெக்ஸிகோ நாட்டு ஆராய்ச்சியாளர் ஒரு பரிசோதனையால் காட்டினர். டிரெஹலோஸை மிகுதியாக உண்டாக்கும்படி மரபணு மாற்றம் செய்த ஒரு வகையைப் பீன்ஸ் செடிகளுக்கு இட்டுப் பின்னர் அவற்றைத் தண்ணீரின்றி வாடவிட்டபோது, அச்செடிகள் தேறி எழுந்தன. சாதாரண வகையை இட்ட செடிகள் வாடி மடிந்தன. இது 2008-இல் வெளியாயிற்று. அந்த மாற்றிய வகை நமது வயலுக்கு வந்துவிட்டது என்று எவரும் எண்ணவேண்டாம். நுண்ணுயிரின் உடலிலுள்ள ஒரு சர்க்கரை, செடியின் உயிரையே காக்க வல்லது என்பதே இதில் நாம் அறியத்தக்கது.

களிமண்ணும் இந்நுண்ணுயிர்களுக்கு ஒரு காப்பு. ஆஸ்திரேலியாவில் புஷ்பி, மார்ஷல் என்பவர்கள் 1970-களில் செய்த ஆராய்ச்சியில், மெதுவாகப் பெருகும் வகைகள் உலர்தலை நன்றாகத் தாங்கின. வேகமாகப் பெருகும் வகைகள் மணற்பாங்கான மண்ணில் சீக்கிரம் மடிந்தன. ஆனால் மாண்ட்மோரில்லனைட் என்னும் களியைக் கலந்தபோது அவையும் பிழைத்தன. கரிசலில் மிகுந்திருப்பது இந்தக் களிதான். செம்மண் நிலங்களுக்கு ஏரி வண்டல் அடித்த நமது முன்னோர் நுண்ணுயிரைக் கண்டவர்களல்லர். எனினும் அவர்கள் செய்த காரியம் தவறானதன்று. வண்டலிலுள்ள களியும் மக்கும் ஈரத்தைப் பிடித்து நிறுத்துவதோடு, நுண்ணுயிர்களுக்குக் கோடையில் ஒதுங்க நிழல்போலவும் ஆகின்றன. தமிழ்நாட்டில் விவசாயிகள் விண்ணப்பம் செய்து, வட்டாட்சியரின் அனுமதியுடன் ஏரி, குளங்களின் வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் குடியானவர்களுக்குக் காலத்தோடு உதவினால் பெரிய நன்மையாகும். ஏனெனில், மழை விழுந்து ஏரியில் நீர் நின்றபின் கிடைக்கும் அனுமதியால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இதுவரை கூறியதைக் கொண்டு, நுண்ணுயிர் எதையும் தாங்கிவிடும் என்று தோன்றலாம். உண்மையில் அது தனியாக இருக்கும்போதுதான் பலசாலி. செடியோடு சேரும் வேளையே அதற்குப் பலவீனமான வேளை. உப்பின் விஷயத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்பட்ட உப்பிலும் வளரும் வகைகள் பல உண்டு. ஆனால் அதில் சிறு பங்கு உப்பு நீரைக் கண்டதுமே பயறுச் செடி குன்றிவிடுகிறது. எனவே, உவர்நீர்க் கிணற்றை நம்பிப் பயறு விதைப்பவர், எத்தனை திறமான நுண்ணுயிரை வாங்கினாலும் அதனால் மட்டும் தேற முடியாது.

செடியும் நுண்ணுயிரும் சேரும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முளைத்து வரும் வேர், ஒருவகைப் பொருளை மண்ணில் கசியவிட்டு அழைக்கிறது. நுண்ணுயிர் அதை உணர்ந்து தன் அடையாளப் பொருளை விடுகிறது. உடனே வேரிலுள்ள மெல்லிய தூவி சுருண்டு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு முதலியவற்றில் நுழைவு பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது. மேல்மண் காய்ந்துவிட்டால் இத்தூவிகள் கட்டையாகக் குறுகிப்போகின்றன. வாசலே இல்லாதபோது நுழைவது எவ்விதம்? மண்ணில் நுண்ணுயிர் ஏராளமாக இருந்தும் முண்டு தோன்றுவதில்லை. மீண்டும் மழை பெய்தால் புதிய தூவிகள் எழுந்து, காலந்தாழ்ந்து முண்டு கட்டும். ஆனால் இரண்டு மாதத்துப் பயிருக்கு இழந்த இருபது நாள் திரும்புவதில்லை. நிலக்கடலையின் வழி வேறு. பக்கவேர்கள் மேற்றோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் இடுக்குகள் வழியாகவே அதில் நுண்ணுயிர் உட்புகுகிறது.

உட்புகுந்து முண்டு கட்டியபின் வரும் வறட்சியிலும் பயிருக்குப் பயிர் வித்தியாசம் காண்கிறது. பல பயிர்களில், இலை வாடுவதற்கு முன்பே முண்டின் வேலை குறையத் தொடங்குகிறது. அதாவது, வெளியே பயிர் செழுமையாகத் தோன்றும்போதே உள்ளே பட்டினி ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் சின்க்ளேர், செர்ராஜ் என்னும் இருவர் பல பயறுவகைகளை ஒப்பிட்டு 1995-இல் எழுதியபடி, பிடித்த நைட்ரஜனை யூரைடு என்னும் பொருளாக மேலே அனுப்பும் சோயாமொச்சை, தட்டைப்பயறு போன்றவை வறட்சியில் சீக்கிரம் சோர்ந்துபோகின்றன. அமைடு என்னும் வேறு பொருளாக அனுப்பும் நிலக்கடலை, கொண்டைக்கடலை முதலியவை கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. மழை நிச்சயமில்லாத அடிவாரப் புன்செயில் எந்தப் பயிரை நம்பலாம் என்று யோசிப்பவர்கள், விலையோடு இதையும் மனத்திற்கொள்வது நலம்.

இனி மலைமேல் செல்வோம். கொல்லிமலையின் மேட்டுநிலங்கள் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. அங்கு உஷ்ணம் ஒரு பிரச்சினையன்று. மலைநிலங்களில் பொதுவாகக் காணும் குறை வேறு. அதிக மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போவதால் மண் புளித்துவிடுகிறது. கார அமில நிலை 5-க்குக் கீழே இறங்கும்போது, வேருக்கும் நுண்ணுயிருக்கும் இடையே நடக்கும் மேற்சொன்ன அழைப்பும் மறுமொழியும் தடைப்படுகின்றன. அலுமினியம் கரைந்து வேரின் நுனியைக் கருக்குகிறது. மணிச்சத்தோ மண்ணோடு பிணைந்து செடிக்குக் கிட்டாமற்போகிறது. இன்னொரு மறைவான குறையும் உண்டு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியின் நடுவே மாலிப்டினம் என்னும் உலோகம் இருக்கவேண்டும். புளித்த மண்ணில் அது எளிதில் கிடைப்பதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் புல்வெளிக் குளோவர் செடிகள் காரணம் தெரியாமல் மஞ்சளித்துக் கிடந்தபோது, ஆண்டர்சன் என்பவர் மிகச் சொற்ப அளவு மாலிப்டினத்தை இட்டு அவை தழைத்ததை 1942-இல் காட்டினார். அதைக் கேட்டு எல்லா நிலத்திற்கும் அம்மருந்தை வாங்கித் தூவுவது வீண் செலவு; அளவு மிஞ்சினால் அந்தத் தழையைத் தின்னும் கால்நடைகளுக்கும் கேடு. மண்ணைப் பரிசோதித்து, புளிப்பு இருப்பின் அதற்கேற்ற அளவு சுண்ணாம்புக்கல் தூளை இடுவதே முதற்காரியம். அதனால் மண்ணில் ஏற்கெனவே உள்ள மாலிப்டினமும் பெருமளவு விடுபடும்.

தண்ணீர் மிகுந்து தேங்கும் நிலத்திற்கும் இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மணிலா அகத்தி என்னும் பசுந்தாள் உரச் செடி, வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முண்டு கட்டுகிறது. வேர் நீரில் மூழ்கிக் காற்றின்றித் தவித்தாலும், தண்டு முண்டுகள் வேலையை நிறுத்துவதில்லை. ஏரிப்பாசன நெல் நிலமுடையோர்க்கு இது ஏற்றது.

இப்பொழுது பொட்டலத்திற்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி வகையைத் தேர்ந்து சிபாரிசு செய்கிறது. கடலைக்குரியது வேறு, உளுந்துக்குரியது வேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றிற்கு இட்டால் முழுப் பலன் கிடைக்காமற்போகலாம். ஒரு ஹெக்டேருக்கு (இரண்டரை ஏக்கருக்கு) வேண்டிய உளுந்து விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று போதும். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் சீராகப் படியும்படி புரட்டி, நிழலில் கால்மணி நேரம் உலர்த்தி உடனே விதைக்கவேண்டும். வெயிலில் உலர்த்தலாகாது. பூஞ்சாண மருந்து கலப்பதாயின் அதை முந்தின நாளே முடித்து, 24 மணி நேரம் சென்றபின்பே நுண்ணுயிரைக் கலக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாகப் புரட்டினால், காசு கொடுத்து வாங்கிய உயிரை நம் கையாலேயே கொன்றவர்களாவோம். வெற்றிலைக்குப் போடும் நீற்றுச் சுண்ணாம்பும் இவ்விதையின்மேல் படக்கூடாது.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தும் பலன் காணாதவர்களுக்குச் சொல்லவேண்டியது இரண்டு. தகரக் கூரையின்கீழ் வாரக்கணக்கில் வெந்த பொட்டலத்தில் உயிர் மிஞ்சியிராது. வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு, கடையில் அது வைத்திருக்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். வீட்டில் மண்பானையருகே நிழலில் வைப்பது உத்தமம். இரண்டாவது காரணம் போட்டி. கடலையும் தட்டைப்பயறும் பல தலைமுறையாக விளைந்த மண்ணில் உள்ளூர் நுண்ணுயிர்கள் ஏராளம். அவை இந்த வெயிலுக்குப் பழகியவை. புதிதாக வந்தவற்றை வேரில் அண்டவிடாமல் தாமே இடம்பிடித்துக்கொள்ளும். உள்ளூர் உயிர்களே திறமானவையாக இருந்தால் நஷ்டமில்லை, பொட்டலச் செலவு மட்டுமே மிகை. அவை திறமற்றவையாக இருந்தால் முண்டு நிறையக் கட்டியும் பயிர் மஞ்சளாகவே இருக்கும். பிரேசில் நாட்டில் சோயாமொச்சைக்கு நுண்ணுயிர் இட்டே, தழைச்சத்து உரத்தை ஏறக்குறைய அறவே விலக்கிப் பெருவாரியாகச் சாகுபடி செய்கிறார்கள். ஜோஹன்னா டோபரைனர் என்னும் அம்மையார் அதற்காகப் பெரிதும் உழைத்தார். சோயா அங்கே புதிய பயிர். மண்ணில் அதற்குரிய உயிர் முன்பு இல்லை. ஆகவே போட்டியும் இல்லை. அந்த வெற்றியை நம் கடலைக் காட்டோடு அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. பயறு கண்டிராத புதுக்காட்டிலும், நெடுநாள் நெல்லே விளைந்த வயலிலும் பொட்டலம் தவறாமல் வேண்டும். பழைய கடலைக் காட்டில் ஒரு பாத்திக்குக் கலந்தும், பக்கத்துப் பாத்திக்குக் கலக்காமலும் விதைத்து, கண்ணாலேயே கண்டு தீர்மானிக்கலாம்.

பயிர் சற்று வெளுத்தவுடன் யூரியாவை அள்ளி வீசும் வழக்கத்தைப் பற்றியும் கூறாதிருக்க முடியவில்லை. மண்ணில் நைட்ரேட்டு மிகுந்தால் செடி முண்டுகளுக்கு உணவு அனுப்புவதைக் குறைத்துவிடும். காசின்றி வேலை செய்யும் ஆளைத் துரத்திவிட்டுக் கூலியாள் வைப்பது போன்றது அது. மானாவாரி உளுந்திற்கு ஹெக்டேருக்கு 12½ கிலோ தழைச்சத்து அடியுரமாகப் போதும். அது முண்டு கட்டும்வரை இளஞ்செடியைத் தாங்குவதற்கே. மணிச்சத்தைக் குறைக்கலாகாது, அதை 25 கிலோ இடவேண்டும். நைட்ரஜனின் ஒரு மூலக்கூறைப் பிடிக்க நுண்ணுயிர் பெரும் சக்தியைச் செலவழிக்கிறது. அச்சக்தியைச் சுமந்து செல்லும் பொருளில் மணிச்சத்து அவசியம் இருக்கவேண்டும்.

வேரடி மண்ணைக் குளிர்ச்சியாக வைப்பதற்குச் செலவு அதிகமில்லை. ஈரம் நன்றாக இறங்கிய மழைக்குப் பின் விதைத்தல், விதையை மேலாக விடாமல் ஈரமண்ணில் இறக்குதல், தொழு உரம் இடுதல், சோளத்தட்டைத் துண்டுகளையோ கொழிஞ்சித் தழையையோ வரிசைகளுக்கிடையே மூடாக்காகப் பரப்புதல் ஆகிய இவை மேல்மண்ணின் சூட்டைப் பல டிகிரி தணிக்கும். விதையோடு கலக்க இயலாதவர்கள் ஹெக்டேருக்கு 10 பொட்டலத்தை 25 கிலோ மக்கிய எருவோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து விதைப்புக்கு முன் நிலத்தில் இடலாம். சூடான மண்ணில் இம்முறை சில சமயம் விதைநேர்த்தியைவிட நம்பத்தக்கது என்பது இவ்வாசிரியரின் கருத்து. எருவுக்குள் ஒதுங்கிய உயிர் விதைத்தோலின்மேல் ஒட்டியதைவிடத் தாமதமாகவே உலரும்.

விதைத்து 30 முதல் 45 நாட்களுக்குள், பூக்கும் சமயத்தில், வயலில் நாலைந்து இடங்களில் செடியைச் சோதிப்பது அவசியம். கையால் பிடுங்கினால் முண்டுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஆதலால் மண்வெட்டியால் மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசவேண்டும். முண்டைக் கத்தியால் கீறினால் உட்புறம் இரத்தச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பின் அது வேலை செய்கிறது. அந்நிறம் நமது இரத்தத்திலுள்ள பொருளுக்கு ஒப்பான ஒன்றால் உண்டாவது. காற்றிலுள்ள பிராணவாயு நொதியைக் கெடுத்துவிடாதபடி அளவாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அதுவே. வெண்மையாக இருந்தால் முண்டு இன்னும் முதிரவில்லை அல்லது திறமற்றது. பச்சை நிறமாயின் அதன் காலம் முடிந்தது. ஆணிவேரின் மேற்பகுதியில் முண்டில்லாமல் கீழே ஆழத்தில் மட்டும் காணப்பட்டால், விதைத்த சமயத்தில் மேல்மண் காய்ந்து சுட்டிருக்கிறது என்று அறியலாம். அடங்கல் எழுதப் பயிரைப் பார்வையிடும் கிராம அதிகாரிகளும், வேளாண்மை உதவி அலுவலர்களும் வயலுக்கு ஒரு செடியை இவ்வாறு அலசிப் பார்த்து, முண்டின் நிறத்தை நிலத்துக்காரரிடம் காட்டிச் சொன்னால், அடுத்த பட்டத்தில் பொட்டலம் வாங்குவதா, சுண்ணாம்பு வாங்குவதா, வண்டல் அடிப்பதா என்பதை அவர் தமது வயலைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளலாம்.